முதலில் இறங்கும் கூடை

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. பச்சைத் தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்து, தம்பியின் காக்கிச் சட்டையை அதில் அமுக்கி, காலர் பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள் முத்திரை. குளியலறைத் தரையில் குந்தியபடி தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியும் அது சிவப்பாகத்தான் வடிந்தது. சட்டைப் பையில் ஒரு பேனா இரண்டாக முறிந்து கிடந்தது. அதை ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டு, அடித்தவனையும் அவனைப் பெற்றவர்களையும் அவனுக்கு இனிமேல் பிறக்கப்போகிறவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் அடங்கு. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது" என்று உள்ளே பாயில் கிடந்த தம்பி முனகினான்.

"கேக்கணும்னுதான் கத்துறேன். நீ வாயை மூடிக்கிட்டுப் படு. தையல் பிரிஞ்சா மறுபடியும் யாரு தூக்கிக்கிட்டு ஓடுறது?"

முத்திரை என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. தபால் நிலையத்தில் வைத்தது. கடிதங்களின் மேல் தேதி முத்திரையை அவள் குத்தும்போது மேசை ஆடும், மை டப்பா துள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாருக்கோ வந்த கார்டை ஒரு எழுத்தர் உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் அதே வேகத்தில் ஒன்று இறங்கியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கட்டியவனும் ஒரே ஒரு தடவைதான் அவள்மேல் கையை ஓங்கினான். அடுப்பிலிருந்த இரும்பு வாணலி அவன் பாதத்தின் மேல் விழுந்தது. கை தவறிவிட்டது என்றாள். நொண்டிக்கொண்டு போனவன் இன்னும் திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை.

தம்பியை வளர்த்ததும் அந்தக் கைதான். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை துவட்டியது, பொய் சொன்னபோதெல்லாம் கரண்டிக் காம்பால் முழங்காலுக்குக் கீழே வெளுத்தது எல்லாம் அவள். அவளே தபால்காரன் வேலைக்கு எழுதிப் போட்டு, அவளே கூட நின்று சேர்த்துவிட்டாள். காலையில் வரும் மூட்டைகளைப் பிரித்துத் தெருவாரியாக மர அறைகளில் போடுவது அக்கா வேலை. நாலாம் அறையில் விழுவதை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது தம்பி வேலை. தலை நரைக்கத் தொடங்கியும் அவனுக்குக் கல்யாணம் ஆகாமலிருந்தது. இப்படி ஒரு நாத்தனாரிடம் பெண்ணைக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? இப்போதுதான் ஓர் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்ற ஒரே காரணத்துக்காக, அக்காவைச் சகித்துக்கொள்வதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வெல்டர் அடித்தான்.

வெல்டர் குடியிருப்பது மஞ்சள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். கப்பல் பட்டறையில் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவன், பொறுக்க முடியாமல் ஒருநாள் பட்டறைக்குப் போன் போட்டான். 'பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டோமே, நீங்கதான் வரலை. அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு' என்றார்கள். என்ன தபாலில் போட்டீர்கள் என்று கேட்டான். சாதாரணத் தபால் என்றார்கள். போனை வைத்துவிட்டு, ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு கீழே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"என் கடிதம் எங்கடா?" என்றான், தம்பி சைக்கிளை நிறுத்தியதும்.

"உங்களுக்கு எதுவும் வரலையே, அண்ணே."

முதல் அடி தோளில் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எதிரிலிருந்த சைக்கிள் கடைவரை கேட்டதாம். மறுபடி கேட்டான், மறுபடியும் வரலை என்றதும் அடுத்த அடி விலாவில். மூன்றாவது தடவை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழாய் நெற்றியில் இறங்கியது. கீழே விழுந்தவனின் வயிற்றில் உதைத்தான். பையைப் பிடுங்கி உதறினான். ரோடெல்லாம் பறந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெயர் பார்த்து, தன்னுடையது இல்லை என்றதும் கசக்கி அவன் முகத்தில் எறிந்தான். மாடிகளெல்லாம் தலைகளாக இருந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு பழைய டியூபை வெல்டரின் கழுத்தில் மாட்டிப் பின்னால் இழுத்து, நாக்கு வெளியே வரும்வரை பிடித்திராவிட்டால், தம்பியை மூட்டையாகத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"வரலைன்னா வரலைதானே! உண்மையைச் சொன்னதுக்கு அடிச்சிருக்கான் பாவி. அவன் ஜெயிலுக்குள்ளேயே கிடந்து மக்கணும்" என்று முத்திரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ விசாரணை அதிகாரி வந்தார். கசங்காத சட்டை, கசங்காத குரல். பிரிப்பு அறைக்கே வந்து, வெல்டரின் விலாசத்தைக் கப்பல் பட்டறையில் எழுதி வைத்திருந்தபடியே ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினார்.

"இந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்ததா? ஞாபகம் இருக்காம்மா?"

பெயர், கட்டடம், தெரு எல்லாம் இருந்தன. மாடி எண் இல்லை. பழுப்பு உறை. மூலையில் நங்கூரப் படம். 'கட்டடத்தை எழுதுறவனுக்கு மாடியை எழுதக் கை வலிச்சுதா?' என்று திட்டிக்கொண்டே பென்சிலை எடுத்து மூன்று என்று எழுதி, நாலாம் அறையில் செருகியது அவளுடைய இதே கை.

"யோசிச்சுச் சொல்றேன், சார்."

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. அதிகாரி தலையை ஆட்டினார். "நிதானமா யோசிங்க. வரலைன்னா வழியில எங்கேயோ போயிருக்கு. ரயிலிலிருந்து மூட்டை இறங்கி இங்க வர்றதுக்குள்ள யாராவது கை வச்சிருக்கலாம். அதையும் விசாரிக்கச் சொல்லியிருக்கேன்."

விசாரித்த லட்சணம் மறுநாள் காலையில் தெரிந்தது. ரயிலடியிலிருந்து மூட்டைகளைச் சுமந்து வரும் பைக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார். தற்காலிக ஆள், கேட்பதற்கு நாதியில்லாதவர்.

"என்னய்யா, நடை புதுசா இருக்கு?" என்றாள் முத்திரை.

"போலீஸ் ஸ்டேஷன்ல முத்திரை குத்திட்டாங்கக்கா. ரெண்டு பாதத்துலயும். உன் குத்து எவ்வளவோ மேல்." சிரித்துக்கொண்டே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தவர், செருப்பைக் கழற்ற முடியாமல் முகத்தைச் சுளித்தார். பாதம் செருப்பின் வாருக்கு மேலும் கீழும் பிதுங்கி, கருநீலமாக இருந்தது. "கடிதத்தை என்ன பண்ணேன்னு கேட்டாங்க. எந்தக் கடிதம்னு நான் கேட்டேன். அதுக்கு ரெண்டு. நான் பை தூக்குறவன். கனமா இருந்தா நிறைய வந்திருக்கு, லேசா இருந்தா கொஞ்சமா வந்திருக்கு. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

"இன்னைக்கும் வரச் சொல்லியிருக்காங்களா?"

"விசாரணை முடியிற வரைக்கும் தினமும் சாயங்காலம் வரணுமாம். வேலை நிரந்தரமாயிடுச்சுக்கா எனக்கு."

முத்திரை சிரிக்கவில்லை. அவர் தூக்கி வைக்க வேண்டிய மூட்டைகளையும் தானே இழுத்துவந்து பிரித்தாள்.

நாலாம் அறைக் கடிதங்களைக் கொண்டுபோக ஆளில்லாமல் தேங்கிக் கிடந்தன. நானே போகிறேன் என்று அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தம்பியின் சைக்கிளில் சக்கரம் நெளிந்திருந்ததால் நடந்தே போனாள். வாங்கிக்கொண்ட வீடுகளிலெல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். "எல்லாக் கடிதமும் இருக்கா, இல்ல நீங்களும் ஒண்ணு ரெண்டை முழுங்கியாச்சா?" என்று ஒரு தையற்காரர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவருடைய கத்தரிக்கோல் அவர் கையில் இருந்திருக்காது. இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள்.

சாதாரணத் தபாலுக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, ரசீது கிடையாது. பெட்டியில் போட்டவர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அது பெரும்பாலும் போயும்விடுகிறது. வெள்ளமோ வேலைநிறுத்தமோ வந்தால் தாமதமாகும், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் தன் கை பட்ட கடிதம் ஒன்றுகூட வழி தவறியதில்லை என்று அவள் கர்வப்பட்டிருந்தாள். அறையில் செருகியதோடு தன் கண் அதை விட்டுவிடுகிறது என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மஞ்சள் கட்டடத்தின் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக உடைந்து தொங்கின. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், இரண்டாம் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பிரம்புக் கூடை விறுவிறுவென்று இறங்கி அவள் மூக்குக்கு நேரே நின்றது. மேலே இன்னும் இரண்டு கூடைகள் மெதுவாக வந்துகொண்டிருந்தன.

"இதுலயே போடுமா, எல்லாத்தையும்!" என்றாள் கயிற்றைப் பிடித்திருந்தவள்.

"எல்லாத்தையும்னா? நாலு மாடிக்கு இருக்கே."

"ஐய, புதுசா நீ? அந்தத் தம்பி எப்பவும் முதல்ல இறங்குற கூடையிலதான் மொத்தத்தையும் போடுவான். நாங்க மேல பிரிச்சுக் குடுத்துப்போம். அவனுக்கு மூட்டு வலி, படி ஏற மாட்டான். போடு, கை வலிக்குது."

தம்பிக்கு மூட்டு வலி என்பதையே முத்திரை இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"மூணாம் மாடி வெல்டருக்கும் நீதான் பிரிச்சுக் குடுப்பியா?"

இரண்டாம் மாடிக்காரி வெல்டருக்கு அண்ணி. இரண்டு குடும்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கிய சண்டை கதவை உடைக்கும்வரை போனது தெருவுக்கே தெரியும்.

"கப்பல் பட்டறைக் கடிதம் உன் கூடையிலதானே ஏறுச்சு?"

"யாரு சொன்னா? போடுறதுன்னா போடு, இல்லன்னா கூடையை விடு."

கூடை மேலே போகத் துடித்தது. முத்திரை கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மேலே 'ஐயோ' என்று அலறல். மேலே நின்றவளின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு கயிறு ஓடியது. அவள் நெஞ்சு கைப்பிடிச் சுவரில் மோதியது. கூடை தரையில் விழுந்து உருண்டது. முத்திரை அதை மிதித்துக்கொண்டு படியேறினாள். கதவைத் தாழ் போடுவதற்குள் தோளால் இடித்து உள்ளே போய், அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தாள்.

"கடிதம் எங்கடீ?"

"அடுப்புல போட்டேன்! போட்டேன்தான்! என் கதவை உடைச்சான், என் வீட்டுக்காரர் பல்லை உடைச்சான். அவனுக்கு நான் வேலை வாங்கிக் குடுக்கணுமா?" இரண்டு உள்ளங்கைகளிலிருந்தும் ரத்தம் சொட்ட அவள் கத்தினாள். "எரிஞ்சு முடியிற வரைக்கும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"என் தம்பி அடிபடும்போது?"

"அதையும்தான் பார்த்தேன்."

முத்திரையின் கை ஓங்கியது. இறங்கவும் செய்தது. அவள் உதடு கிழிந்து, பல்லெல்லாம் சிவந்தது. அப்படியும் அவள் முத்திரையை விடாமல் முறைத்துக்கொண்டு, "என்னை அடி. ஆனா அதை என் கூடையில போட்டது யாருன்னு உன் வீட்டுல போய்க் கேளு" என்றாள்.

அதற்குமேல் அடிக்க முத்திரைக்குக் கை வரவில்லை. மீதமிருந்த கடிதங்களை ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் தம்பி சுவரில் சாய்ந்து, ஒரு கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. அவள் கதவோரத்தில் நின்றபடியே கேட்டாள். முதலில் இல்லை என்றான். பிறகு எல்லாத் தபால்காரனும் அப்படித்தான் செய்கிறான் என்றான். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"வெல்டர் கேட்டப்போ எனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லக்கா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்புறம்தான் அந்த நங்கூரப் படம் ஞாபகம் வந்துச்சு."

"வந்தப்புறம் ஏன்டா சொல்லலை?"

"சொன்னா வேலை போயிடும். வேலை போனா கல்யாணம் போயிடும். கடிதம் வரலைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. சாதாரணத் தபாலுக்கு யாரு சாட்சி? நீ ஒருத்திதான் பார்த்தவ."

"பைக்காரரைப் பாதத்துல அடிச்சிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலமும் போகணுமாம்."

"அவருக்கு வீங்கினது ரெண்டு நாள்ல வத்திடும். எனக்குப் போனா திரும்ப வருமா?"

அடிபடாத பக்கத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். கிண்ணம் உருண்டு கஞ்சி பாயில் ஓடியது.

"அடிபட்டவனை அடிக்கிற" என்றான் அவன், சின்ன வயதில் சொல்வதைப் போலவே. பிறகு திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்து, "அடிச்சுட்டே இல்ல? கணக்கு சரியாப் போச்சு. நாளைக்கு வரலைன்னு சொல்லிடு" என்றான்.

அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அலசினாள்.

மறுநாள் தபால் நிலையத்தின் பின்னறையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் பெஞ்சில், கையைத் துணித் தூளியில் கழுத்தோடு கட்டிக்கொண்டு தம்பி. சுவரோரம் பைக்காரர், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு. முந்தின நாள் சாயங்காலமும் போய்வந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. இன்றைக்கு அவரிடம் ஜோக் இல்லை. முத்திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சீங்களா? கடிதம் வந்ததா, இல்லையா?" என்றார் அதிகாரி.

தம்பி அவளைப் பார்த்து, ஆட்டினானா இல்லையா என்று தெரியாத அளவுக்கு, சொல்லாதே என்று தலையை ஆட்டினான்.

"வந்துச்சு, சார். மாடி எழுதலை. நான்தான் பென்சில்ல எழுதி நாலாம் அறையில போட்டேன். பைக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அவரை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க."

"நாலாம் அறையிலேர்ந்து?"

"தம்பி எடுத்துக்கிட்டுப் போனான். மஞ்சள் கட்டடத்துல படி ஏறாம, முதல்ல இறங்குன கூடையில போட்டுட்டான். அது இரண்டாம் மாடிக் கூடை. அவங்க எரிச்சுட்டாங்க." மூச்சு விட்டுவிட்டு, "அவன் திருடலை, சார். சோம்பேறித்தனம்தான்" என்றாள்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். தம்பி எழுந்ததை அவர் பார்க்கவில்லை. மேசைமேல் தாள் பறக்காமல் இருக்க ஒரு பழைய எடைக்கல் வைத்திருந்தார்கள். நல்ல கையால் அதை எடுத்து, தம்பி அக்காவைப் பார்த்து வீசினான். பிறந்ததிலிருந்து அவள்மேல் ஒரு விரலைக்கூட உயர்த்தாதவன். கல் அவள் புருவத்தில் பட்டுச் சுவரில் மோதி விழுந்தது. முத்திரை நாற்காலியோடு சாய்ந்தாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"நீதானே சேர்த்துவிட்ட! நீயே புடுங்கிக்கோ! வாழ்க்கை முழுக்க உன் கையாலதானே எல்லாம்!" அவன் பெஞ்சை உதைத்தான். அதிகாரி மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். பைக்காரர் வீங்கிய காலோடு பாய்ந்து அவனை இடுப்போடு பிடித்துக்கொண்டார். பிடித்தவரையும் அவன் முழங்கையால் வாயில் இடித்தான். இழுபறியில் தூளியின் முடிச்சு அவிழ்ந்து, முறிந்த பக்கத்துக் கை தொங்கியது. அந்த வலியில்தான் அடங்கினான். நெற்றியெல்லாம் வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

முத்திரை எழுந்தாள். முந்தானையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் தரையில் கிடந்த தூளித் துணியை எடுத்து உதறினாள்.

"போலீசைக் கூப்பிடவாம்மா?" என்றார் அதிகாரி.

"வேணாம், சார். அவங்க பிடிச்சு இழுத்தா எலும்பு விலகிடும்." தம்பியின் பக்கம் திரும்பி, துணியை முக்கோணமாக மடித்தாள். "வாடா இங்க. கையை மடக்கிப் பிடி. கட்டி விடுறேன்."

அவன் தொங்கிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, அவளையும் துணியையும் சுற்றிக்கொண்டு போய், கதவைக் காலால் தள்ளித் திறந்து வெளியே போனான்.